கலைஞருக்குச் சம்பளம், பேட்டைக்குத் துணை

அமெரிக்கப் பெருநகரங்களின் சைனாடவுன், மணிலாடவுன், லிட்டில் டோக்கியோ போன்ற பேட்டைகளில் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்து அவர்களுடைய உழைப்பைக் குடியேறிகளின் நலப்பணிக்குத் திருப்பும் வழக்கம் 1970களில் வேரூன்றியது. முதியோரின் வாடகை வீட்டைக் காக்கச் சுவரொட்டி அச்சிடுவது, புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது, சலவைத் தொழிலாளரின் வாழ்க்கையை ஒலிநாடாவில் பதிவது எல்லாம் இதில் அடங்கும். இதற்கு வந்த பணத்தில் கணிசமான பகுதி கலைக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தணிக்க, நகரத்தைச் சீரமைக்க, வெறுப்புக் குற்றங்களைத் தடுக்க என வேறு நோக்கங்களுக்காக வந்த பணம் அது. அந்த நோக்கம் தீர்ந்ததும் பணமும் நின்றது. சொந்தக் கூரையும் ஆவணமும் தேடிக்கொண்ட முயற்சிகள் மட்டுமே பெரும்பாலும் அதன் பிறகும் நிலைத்தன.

முன்னோடிகள்: 1935 முதல் 1945 வரை

பொருளாதாரப் பெருமந்தத்தின் போது, 1935இல், ரூஸ்வெல்ட் அரசு வேலையற்ற ஓவியர்களையும் சிற்பிகளையும் கூலிக்கு அமர்த்தும் கூட்டாட்சிக் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி, நீதிமன்றச் சுவர்களில் அவர்கள் படம் வரைந்தனர். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1911இல் பிறந்த நீர்வண்ண ஓவியர் டாங் கிங்மன் இத்திட்டத்தில் பல ஆண்டுகள் சம்பளம் பெற்றார். அமெரிக்க மண்ணில் பிறந்ததால் அவர் குடிமகன்.

ஜப்பானில் பிறந்த எய்தாரோ இஷிகாகிக்கு அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் நீதிமன்றத்துக்கு அவர் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்த போது, 1937இல், குடிமக்கள் அல்லாதோரைத் திட்டத்திலிருந்து விலக்கும் விதி வந்து அவர் வேலை பறிபோனது. விண்ணப்பித்துக் குடிமகனாகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஜப்பானியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1922இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தடை 1952இல்தான் முழுமையாக நீங்கியது. பொதுப்பணம் எந்தக் கலைஞரைச் சேரும் என்பதைக் குடியேற்றச் சட்டமே முடிவு செய்த காலம் அது.

1942 பிப்ரவரியில் வந்த அதிபர் ஆணையின்படி மேற்குக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டான்ஃபோரன் குதிரைப் பந்தயத் திடலின் லாயங்களில் குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டன. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்துவந்த சியூரா ஒபாத்தாவும் அங்கே அடைக்கப்பட்டார். சக கைதிகளான ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு சில வாரங்களுக்குள் அவர் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். தாளும் வண்ணமும் வெளியிலிருந்த பெர்க்லி நண்பர்கள் அனுப்பியவை. சிறுவர் முதல் முதியவர் வரை நூற்றுக்கணக்கானோர் அங்கே பயின்றனர். பின்னர் அவர்கள் யூட்டா மாநிலத்தின் டோப்பாஸ் முகாமுக்கு மாற்றப்பட்ட போது பள்ளியும் உடன் சென்றது. நிலையான நிதி ஏதுமின்றி, அடைபட்ட மக்களின் மனம் சோராமல் காக்கக் கலையைப் பயன்படுத்திய முயற்சி என்ற வகையில் பிற்காலத் திட்டங்களுக்கு இது முன்னோடி.

கியர்னி தெருவின் அச்சுக்கூடம்

1965இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி ஆசியக் குடியேற்றத்துக்குக் கதவைத் திறந்தது. மற்றொன்று தேசியக் கலை நிதியத்தை உருவாக்கியது. சைனாடவுன்களின் மக்கள்தொகை விரைவில் பெருகியது. ஏற்கெனவே நெரிசலாக இருந்த பேட்டைகளில் வீடு, மருத்துவம், மொழி ஆகிய மூன்றும் சிக்கலாயின. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் தொடங்கி ஐந்து மாதம் நீடித்த மாணவர் வேலைநிறுத்தம் இன ஆய்வுத் துறையைப் பெற்றுத் தந்தது. சீன, ஜப்பானிய, ஃபிலிப்பினோ மாணவர்கள் ‘ஆசிய அமெரிக்கர்’ என்ற பொது அடையாளத்தின் கீழ் திரண்ட காலமும் அதுவே. படித்த இளைஞர்கள் பெற்றோர் வாழ்ந்த பேட்டைகளுக்குத் திரும்பினர். அவர்களில் பலர் ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், கவிஞர்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் அவர்களை ஈர்த்த இடம் கியர்னி தெருவின் இன்டர்நேஷனல் ஹோட்டல். பெயர்தான் ஹோட்டல். உள்ளே, பண்ணைகளிலும் கப்பல்களிலும் உழைத்து ஓய்ந்த ஃபிலிப்பினோ, சீன முதியவர்கள் சிற்றறைகளில் வாடகைக்குக் குடியிருந்தனர். கலிஃபோர்னியாவின் கலப்புமணத் தடைச் சட்டத்தாலும் பெண்களின் வருகையைக் கட்டுப்படுத்திய குடியேற்ற விதிகளாலும் அவர்களில் பலர் மணமாகாமலே முதுமை எய்தியவர்கள். பேட்டையை ஒட்டி நிதி மாவட்டம் விரிந்துகொண்டிருந்தது. 1968இல் கட்டடத்தைக் காலி செய்யுமாறு நோட்டீஸ் வந்தது. 1969 மார்ச்சில் நேர்ந்த தீவிபத்தில் குடியிருந்தவர்களில் மூவர் இறந்தனர்.

1972இல் இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ‘கியர்னி ஸ்ட்ரீட் ஒர்க்‌ஷாப்’ தொடங்கியது. ஜிம் டாங், லோரா ஃபூ, மைக் சின் ஆகியோர் அதன் நிறுவனர்கள். பேட்டைவாசிகளுக்குப் புகைப்படம், ஓவியம், தையல், பீங்கான் வேலை என வகுப்புகள் நடந்தன. ஆயினும் அதன் பெயரை நிலைநாட்டியது சில்க் ஸ்கிரீன் அச்சுதான். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடங்களை அடைத்து, ரப்பர் விளிம்புள்ள கட்டையால் மையைத் தள்ளினால் அடியிலுள்ள தாளில் படம் இறங்கும். ஒரு நிறம் காய்ந்த பின் அடுத்த நிறம். எந்திரம் தேவையில்லை, செலவும் சொற்பம். மாலையில் முடிவான கூட்டத்துக்குக் காலைக்குள் நூற்றுக்கணக்கில் சுவரொட்டி தயாராகிவிடும். வீட்டு வாடகைப் போராட்டம், தெருத் திருவிழா, கவிதை வாசிப்பு எனப் பேட்டையின் பொதுவாழ்வு முழுவதும் இந்தத் தாள்களில் பதிவானது. கவிஞர் ஆல் ரோபிள்ஸ் மாடி அறைகளுக்குச் சென்று ‘மனோங்’ என்று மரியாதையாக அழைக்கப்பட்ட ஃபிலிப்பினோ முதியவர்களோடு உண்டு, உரையாடி, அவர்களுடைய கதைகளைக் கவிதையாக்கினார்.

1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் நூற்றுக்கணக்கான போலீசார் கட்டடத்தைச் சூழ்ந்தனர். ஏறத்தாழ 3,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றும் முதியவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஒர்க்‌ஷாப்பும் இடம் இழந்தது. அமைப்பு வேறு இடங்களில் தொடர்ந்தது. கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டு, மனை நெடுங்காலம் வெறுமனே கிடந்தது. 2005இல் அதே இடத்தில் குறைந்த வாடகையில் முதியோர் குடியிருப்பு எழுந்தது. அதன் தரைத்தளத்தில் மணிலாடவுன் நினைவு மையம் இயங்குகிறது.

நியூயார்க்கின் நிலவறை

நியூயார்க் முயற்சி ஓர் ஆய்விலிருந்து பிறந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுடன் டேனி யங் தலைமையில் 1969இல் சைனாடவுனின் சமூக நிலை குறித்து ஆய்வு நடந்தது. அதில் ஈடுபட்ட இளைஞர்கள் ஆய்வோடு நின்றுவிடாமல், எலிசபெத் தெருவில் ஒரு கட்டடத்தின் நிலவறையை வாடகைக்கு எடுத்தனர். ‘பேஸ்மென்ட் ஒர்க்‌ஷாப்’ என்ற பெயர் அப்படி வந்தது. 1971இல் ‘பிரிட்ஜ்’ இதழ் தொடங்கியது. 1972இல் ‘யெல்லோ பேர்ல்’ என்ற தொகுப்பு வெளிவந்தது; கட்டமைக்காத தாள்களாகப் பாடல், கவிதை, ஓவியங்களை ஒரு பெட்டியில் அடுக்கித் தந்த தொகுப்பு அது. நடனம், பட்டறை, நூலகம் ஒருபுறம் நடக்க, தையற்கூடங்களிலும் உணவகங்களிலும் வேலை பார்த்த குடியேறிகளுக்கு ஆங்கில வகுப்பும் குடியுரிமைத் தேர்வுக்கான பயிற்சியும் மறுபுறம் நடந்தன. மாநிலக் கலைக் குழுவின் நிதி இதற்குப் பக்கபலமாக இருந்தது. கவிஞர் ஃபே சியாங் 1970களின் நடுவிலிருந்து இறுதிவரை இதை நடத்தினார்.

கலையும் மருத்துவமும் இங்கே ஒரே ஆட்களின் கையில் இருந்தன. 1971 கோடையில் சைனாடவுன் தெருவில் தன்னார்வலர்கள் பத்து நாள் மருத்துவ முகாம் நடத்தினர். மொழி தெரியாததால் மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அந்த முகாமிலிருந்து நிரந்தர மருத்துவ நிலையம் உருவாகி, இன்று சார்ல்ஸ் பி. வாங் சமூக நல மையமாக வளர்ந்திருக்கிறது. முகாமை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான டாமஸ் டாம் திரைப்படக்காரர். ஆசிய அமெரிக்கத் திரைப்படங்களுக்கான ‘ஏசியன் சினிவிஷன்’ அமைப்பை 1976இல் நிறுவியவர்களிலும் அவர் ஒருவர்.

சீட்டா சட்டம்: கலைஞர்களுக்கு மாதச் சம்பளம்

1973 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட விரிவான வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டம் ஆங்கில முதலெழுத்துகளால் ‘சீட்டா’ என்று வழங்கியது. அதில் கலை பற்றிய பேச்சே இல்லை. வேலையற்றவர்களைப் பொதுப்பணியில் அமர்த்த நகராட்சிகளுக்கு மத்திய அரசு பணம் தரும், அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவின் பேட்டைக் கலைத் திட்டத்தில் பணிபுரிந்த ஜான் கிரைட்லர் கலைஞர்களும் வேலையற்றவர்களே என்று வாதிட்டு, 1974 இறுதியில் இந்தப் பணத்தில் அவர்களை அமர்த்தினார். ரூஸ்வெல்ட் காலத் திட்டமே அவருக்கு முன்மாதிரி. பிற நகரங்கள் பின்தொடர்ந்தன. நாடெங்கும் ஏறத்தாழ 10,000 கலைஞர்கள் இச்சட்டத்தின் கீழ் சம்பளம் பெற்றதாகக் கணக்கிடப்படுகிறது.

நியூயார்க்கில் 1978 முதல் 1980 வரை நடந்த மிகப் பெரிய திட்டத்தில் 300க்கும் மேற்பட்ட கலைஞர்கள் இருந்தனர். ஆண்டுச் சம்பளம் 10,000 டாலர், மருத்துவக் காப்பீடு தனி. வாரத்தில் நான்கு நாள் பள்ளி, முதியோர் மையம், பேட்டை அமைப்பு ஆகியவற்றில் பணி. ஒரு நாள் சொந்தப் படைப்புக்கு. கலைஞர் எத்தனை பாராட்டு பெற்றார் என்பதல்ல, எங்கே எத்தனை மணி நேரம் பணி செய்தார் என்பதே கணக்கு. சிறு அமைப்புகளுக்கு இது பெரும் வரமானது. சொந்தமாகச் சம்பளம் கொடுக்க வழியில்லாத இடங்களில் முழுநேர ஆசிரியரோ வடிவமைப்பாளரோ கிடைத்தார்.

ஆட்சி மாறியதும் இது முடிந்தது. ரேகன் அரசு 1981இல் பொதுப்பணி வேலைகளுக்கான நிதியை வெட்டியது. 1982இல் சட்டமே வேறொன்றுக்கு இடம் விட்டது. சம்பளக்காரர்கள் போனதும் பல அமைப்புகள் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை நம்ப வேண்டியதாயிற்று. பேஸ்மென்ட் ஒர்க்‌ஷாப் 1986இல் மூடப்பட்டது.

ஆனால் அது விட்டுச்சென்றவை பல. எலினார் யங் 1974இல் தொடங்கிய நடனக் குழு ஆசிய அமெரிக்கக் கலை மையமாக வளர்ந்தது. வரலாற்றாசிரியர் ஜாக் சென்னும் சார்லி லாயும் 1980இல் சைனாடவுன் வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கினர். முதியவர்கள் இறந்ததும் அவர்களுடைய உடைமைகள் குப்பைக்குப் போவதைக் கண்டு, கடிதம், பெயர்ப்பலகை, புகைப்படம் எல்லாவற்றையும் அவர்கள் தெருவிலிருந்தே பொறுக்கிச் சேர்த்தனர். சலவைக்கடைக்காரர்களைப் பேட்டி கண்டு, 1980களின் தொடக்கத்தில் ‘எட்டுப் பவுண்டுப் பிழைப்பு’ என்ற கண்காட்சியை அமைத்தனர். நாளெல்லாம் தூக்கிப் பிடித்த இஸ்திரிப்பெட்டியின் எடையே அந்தப் பெயர். இத்திட்டமே இன்றைய ‘அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகம்’.

அறக்கட்டளைகளின் காலம்

1990களிலும் அதற்குப் பின்னும் அரசின் இடத்தைத் தனியார் அறக்கட்டளைகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. ஃபிலடெல்ஃபியாவில் 1993இல் இனப் பூசல்களுக்கு விடைதேடும் முயற்சியாக ‘ஏசியன் ஆர்ட்ஸ் இனிஷியேட்டிவ்’ தொடங்கியது. மாநாட்டு மண்டப விரிவாக்கத்தால் வாடகை இடத்தை இழந்த பின், அது சைனாடவுனின் வடக்கே வைன் தெருவில் சொந்தக் கட்டடம் வாங்கியது. அங்கிருந்து கலைஞர்களைப் பேட்டைவாசிகளோடு பணியாற்ற அனுப்பும் ஆய்வுக்கூடத்தை நடத்தியது. ஆர்ட்பிளேஸ் கூட்டமைப்பு இதற்கு நிதி தந்தது. அறக்கட்டளைகளும் வங்கிகளும் சேர்ந்து உருவாக்கிய இக்கூட்டமைப்பு பத்தாண்டு மட்டும் இயங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. 2020இல் அவ்வாறே முடிந்தது.

2015இல் ஆர்ட்பிளேஸ் நாடெங்கும் ஆறு வீட்டுவசதி, சமூக மேம்பாட்டு அமைப்புகளுக்குத் தலா 30 லட்சம் டாலர் கொடுத்தது. அதுவரை கலைப்பணியையே முதன்மையாகக் கொண்டிராத அமைப்புகள் அவை. அவற்றுள் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸின் லிட்டில் டோக்கியோ சேவை மையம். அது 2018இல் பழைய டாய்மரு ஹோட்டலில் கலைஞர்களைச் சில மாதம் தங்கவைத்து, முதியோருடனும் கடைக்காரர்களுடனும் சேர்ந்து பணியாற்றச் செய்தது.

நியூயார்க்கில் கியூபக் கலைஞர் தானியா புருகேரா 2011இல் குவீன்ஸின் கொரோனா பகுதியில் ஒரு கடையை எடுத்துப் புலம்பெயர்ந்தோர் மையமாக்கினார். குவீன்ஸ் அருங்காட்சியகமும் ‘கிரியேட்டிவ் டைம்’ அமைப்பும் நிதி தந்தன. மொழி வகுப்பும் சட்ட ஆலோசனையும் அங்கே கலைப்படைப்பின் பகுதியாகவே கருதப்பட்டன. 2015இல் நகர அரசு துறைகளுக்குள் கலைஞர்களை அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கிய போது, குடியேறிகள் விவகார அலுவலகத்துக்கு அவரே முதல் கலைஞராகச் சென்றார். இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடி, 1977 முதல் நகரத் துப்புரவுத் துறையில் சம்பளமின்றிக் கலைஞராக இருந்து, 8,500 துப்புரவுப் பணியாளர்களின் கையைக் குலுக்கி நன்றி சொன்ன மியர்ல் லேடர்மன் உகலிஸ்.

1970களின் நியூயார்க் சுவரோவிய இயக்கத்தில் ‘பெண்களுக்கான மரியாதைச் சுவர்’ என்ற சுவரோவியத்தை உருவாக்கியவர் டோமி அராய். 2015இல் அவர் பெட்டி யூ, மான்சீ காங் ஆகியோருடன் ‘சைனாடவுன் ஆர்ட் பிரிகேட்’ தொடங்கினார். வாடகைக்காரர் சங்கத்துடன் சேர்ந்து, வெளியேற்றத்தை எதிர்நோக்கியவர்களின் சொற்களையும் படங்களையும் இரவில் கட்டடச் சுவர்கள்மீது ஒளிபாய்ச்சிக் காட்டினர். ‘எ பிளேடு ஆஃப் கிராஸ்’ அமைப்பு 2016இல் இதற்கு நல்கை அளித்தது. அதே ஆண்டில், சைனாடவுனின் மாட் தெருவில் 1890இல் தொடங்கிய விங் ஆன் வோ பீங்கான் கடையில் ஐந்தாம் தலைமுறையினர் ‘வாவ் புராஜெக்ட்’ தொடங்கினர். கடையே கலைஞர் தங்கிப் பணிபுரியும் இடமும் கூட்டம் கூடும் இடமும் ஆனது.

தொற்றும் வெறுப்பும்: 2020க்குப் பின்

2020இல் கோவிட் பரவிய போது சைனாடவுன் கடைகள் ஊரடங்குக்கு முன்பே வெறிச்சோடின. 2020 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்’ இரண்டு ஆண்டுகளில் 11,000க்கும் மேற்பட்ட வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்தது. 2021 மார்ச் 16 அன்று அட்லாண்டா பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்ட எட்டுப் பேரில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். நியூயார்க் நகரத்தின் மனித உரிமை ஆணையத்தில் அமர்த்தப்பட்ட ஓவியர் அமாண்டா ஃபிங்போதிபாக்கியா 2020 நவம்பரில் புரூக்ளின் சுரங்க ரயில் நிலையத்தில் ஆசிய, கறுப்பின முகங்களைப் பெரிய அளவில் தீட்டிய படத்தொடரை வைத்தார். தாக்குதலைக் கண்டால் என்ன செய்வது என்ற ஆணையத்தின் அறிவுரைகளைப் பரப்பும் முயற்சிகளும் உடன் நடந்தன.

இந்த ஆண்டுகளில் பணம் வந்த வடிவமும் மாறியது. 2021இல் நியூயார்க் நகரம் 2.5 கோடி டாலரில் கலைஞர் படைத் திட்டத்தை அறிவித்தது. அதிலிருந்து 3,000க்கும் மேற்பட்டோருக்குத் தலா 5,000 டாலர் ஒரே தவணையாகக் கிடைத்தது. அதே ஆண்டில் மெலன் அறக்கட்டளையின் பெரும்பங்கோடு 12.5 கோடி டாலரில் ‘கிரியேட்டிவ்ஸ் ரீபில்ட் நியூயார்க்’ தொடங்கியது. இதன் ஒரு பிரிவு 2,400 கலைஞர்களுக்கு நிபந்தனையின்றி மாதம் 1,000 டாலர் வீதம் 18 மாதம் கொடுத்தது. இன்னொரு பிரிவு 300 கலைஞர்களை ஆண்டுக்கு 65,000 டாலர் சம்பளத்தில் இரண்டாண்டுக்குச் சமூக அமைப்புகளில் அமர்த்தியது. சீட்டா முடிந்து நாற்பது ஆண்டுக்குப் பின் மாதச் சம்பள முறை திரும்பியது. வேறுபாடு, இம்முறை கொடுத்தது அரசு அல்ல என்பதே. காலவரையறை மாறவில்லை.

பணத்தின் மூலம் பற்றிய பூசல்

நிதி பெருகியதோடு அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் எழுந்தது. நியூயார்க் சைனாடவுனில் புதிய உயரமான சிறைக்கட்டடம் எழுப்பும் திட்டத்தோடு சேர்த்து அறிவித்த நலச் சலுகைகளில், அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகத்துக்கு நிரந்தரக் கட்டடம் தேட 3.5 கோடி டாலர் ஒதுக்குவதாக நகர அரசு 2019இல் சொன்னது. சிறையை எதிர்த்த பேட்டைவாசிகள் அருங்காட்சியகத்தின் முன் மறியல் செய்தனர். தாங்கள் சிறையை ஆதரிக்கவில்லை என்று அருங்காட்சியகம் விளக்கியது. 1990இல் உருவான ‘காட்ஸில்லா’ என்ற ஆசிய அமெரிக்கக் கலைஞர் குழுவைப் பற்றிய கண்காட்சி அங்கே நடக்கவிருந்தது. 2021 மார்ச்சில் அதிலிருந்து 19 கலைஞர்கள் விலகினர், கண்காட்சி ரத்தானது. அந்த அருங்காட்சியகத்தின் ஆவணங்கள் இருந்த மல்பெரி தெருக் கட்டடம் 2020 ஜனவரியில் தீப்பற்றியதும், 85,000 பொருள்கள் அழிந்தனவோ என அஞ்சிய நிலையில் பெரும்பாலானவை மீட்கப்பட்டதும் இதற்குச் சற்று முன் நடந்தவை. அந்தச் சேகரிப்பைத் தங்கள் பாட்டன் பூட்டன் சொத்தாகக் கருதிய பேட்டை, அதைக் காக்கும் நிறுவனத்தின் வரவு செலவிலும் தனக்குப் பேச்சுரிமை உண்டு என்று கருதியது.

2025இல் தேசியக் கலை நிதியம் ஏற்கெனவே அறிவித்த பல நல்கைகளை ரத்து செய்தது. நாடெங்கும் சிறு கலை அமைப்புகள் மீண்டும் தனியார் கொடையையும் உறுப்பினர் சந்தாவையும் தேட வேண்டியதாயிற்று. தொண்ணூறு ஆண்டுகளில் கலைஞர் சம்பளம் அரசிடமிருந்து அறக்கட்டளைகளுக்கும், நிரந்தரமற்ற சிறு தவணைகளுக்கும் மாறிவந்திருக்கிறது. 1977இல் இடமிழந்த கியர்னி ஸ்ட்ரீட் ஒர்க்‌ஷாப் இன்றும் சான் பிரான்சிஸ்கோவில் இயங்குகிறது. வைன் தெருக் கட்டடம், சார்ல்ஸ் பி. வாங் மருத்துவ மையம், இன்டர்நேஷனல் ஹோட்டல் மனையில் எழுந்த முதியோர் குடியிருப்பு ஆகியவையும் நீடிக்கின்றன. இவற்றில் எதையும் ஒரு நல்கை மட்டும் உருவாக்கிவிடவில்லை. நல்கை இருந்த ஆண்டுகளில் சேர்ந்த ஆட்கள், அது நின்ற பிறகும் கலைந்து போகாததால் கிடைத்தவை இவை.